வெந்நீர்த் தொட்டியின் அடிவண்டல் அகற்றல்

ஹாட் டப் எனப்படும் வெந்நீர்க் குளியல் தொட்டியின் தரையில் படியும் மணல், மண், சுண்ணாம்புத் துகள், மகரந்தம், தோல் செதில் முதலிய திண்மப் பொருள்களை வெளியேற்றும் பராமரிப்புப் பணி அடிவண்டல் அகற்றல் ஆகும். இத்தொட்டிகளில் நீரைச் சுழற்றி வடிகட்டும் கருவி இருந்தபோதிலும், அது நீரில் மிதப்பவற்றையும் கலந்து நிற்பவற்றையும் மட்டுமே பிடிக்க வல்லது. வடிகட்டியை எட்டுமுன்பே அடியில் இறங்கிவிடும் கனமான துகள்களைத் தனியாக உறிஞ்சி எடுத்தாக வேண்டும். கிருமிநீக்கியின் ஆற்றலும், நீரேற்றியின் ஆயுளும், குளிப்போரின் உடல்நலமும் இப்பணியைச் சார்ந்திருப்பதால், தொட்டிப் பராமரிப்பில் நீரின் வேதியியல் அளவுகளைச் சரிபார்ப்பதற்கு இணையான இடம் இதற்கு உண்டு.

தொட்டியின் வரலாறும் அமைப்பும்

வீட்டு முற்றத்தில் பலர் ஒன்றாக அமர்ந்து வெந்நீரில் மூழ்கியிருக்கும் இன்றைய வழக்கம், 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மது வடிக்கும் பழைய செம்மரப் பீப்பாய்களைக் குளியல் தொட்டிகளாக மாற்றியதிலிருந்து பரவியது. நீரைப் பீய்ச்சி உடலைப் பிடித்துவிடும் தாரைகள் வேறொரு வழியில் வந்தவை. இத்தாலியிலிருந்து குடியேறிய ஜக்கூசி சகோதரர்கள் 1915ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம், முதலில் விமானங்களுக்கான உந்துவிசிறிகளையும், பின்னர்க் கிணற்று நீரை இறைக்கும் தாரைவகை நீரேற்றிகளையும் செய்துவந்தது. அக்குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கு ஏற்பட்ட மூட்டுவாத நோய்க்கு நீர்ச் சிகிச்சை அளிக்கும் நோக்கில் அந்நிறுவனத்தார் சிறிய நீரேற்றி ஒன்றை உருவாக்கினர். 1968ஆம் ஆண்டில் ராய் ஜக்கூசி, தாரைகள் உள்ளேயே பொருத்தப்பட்ட குளியல் தொட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காலப்போக்கில் மரத்தின் இடத்தை அக்ரிலிக் என்னும் வழவழப்பான நெகிழிப் பொருள் பெருமளவில் பிடித்துக்கொண்டது.

வீடுகளில் பயன்படும் தொட்டி பெரும்பாலும் 1,000 முதல் 2,000 லிட்டர் வரை நீர் கொள்ளும். ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நீரின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு வரம்பு. நீர்மட்டத்தை ஒட்டிப் பக்கச்சுவரில் அமைந்த வாய் வழியாக மேற்பரப்பு நீர் உள்ளிழுக்கப்பட்டு, மடிப்பு மடிப்பான பாலியஸ்டர் துணியால் ஆன உருளை வடிகட்டியைக் கடந்து, வெப்பமூட்டியில் சூடேறி, மீண்டும் தொட்டிக்குள் வருகிறது. இருக்கைகளுக்கு நடுவே கால் வைப்பதற்காக விடப்படும் பள்ளமே தொட்டியின் மிகத் தாழ்ந்த பகுதி என்பதால், இருக்கைகளின்மீது விழும் துகள்களும் இறுதியில் சரிந்து அங்கேயே சேர்கின்றன. அப்பள்ளத்தின் தரையிலோ பக்கத்திலோ உள்ள உறிஞ்சுவாய், பல மாதிரிகளில், வடிகட்டியின் வழியாகச் செல்லாமல் தாரை நீரேற்றியோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய அமைப்பில், அவ்வாய் வழியே இழுக்கப்படும் மணல் எங்கும் பிடிபடாமல் நீரேற்றியைக் கடந்து, தாரைகள் வழியாக மறுபடியும் தொட்டிக்குள்ளேயே வந்து விழுகிறது.

வண்டலின் தோற்றம்

அடியில் சேரும் பொருள்கள் மூன்று வழிகளில் வருகின்றன. வெளியிலிருந்து வருபவை முதல் வகை: குளிப்போரின் பாதங்களில் ஒட்டிவரும் மணலும் புல்லும், காற்றில் பறந்துவரும் தூசியும் இலைச் சருகும், வசந்த காலத்தில் மரங்கள் உதிர்க்கும் மகரந்தமும் இதில் அடங்கும். மஞ்சள் நிறப் பொடியாகப் படியும் மகரந்தம் பலவேளைகளில் பாசி எனத் தவறாகக் கருதப்பட்டு, தேவையற்ற மருந்துகள் நீரில் கொட்டப்படுவதற்குக் காரணமாகிறது.

நீரிலேயே பிறப்பவை இரண்டாம் வகை. சர்க்கரை, உப்பு போன்றவை நீர் சூடாகும்போது கூடுதலாகக் கரைகின்றன. கடின நீரிலிருந்து படியும் கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏறஏறக் குறைவாகவே கரைகிறது. ஆகவே கடின நீர் நிரப்பப்பட்ட தொட்டியில், குறிப்பாக நீரின் காரத்தன்மை மிகும்போது, வெப்பமூட்டியின்மீது சுண்ணப் படலம் படிந்து, பின்னர் உதிர்ந்து, வெண்ணிறச் சில்லுகளாக அடியில் சேர்கிறது. இரும்புச் சத்துள்ள கிணற்று நீரில் குளோரினைச் சேர்த்ததும், கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து செம்பழுப்புப் பொடியாகப் பிரிந்து விழுவதும் இவ்வகையே.

தொட்டியின் உடலிலிருந்தும் குளிப்போரின் உடலிலிருந்தும் வருபவை மூன்றாம் வகை. தோல் செதில், முடி, பூச்சுத் தைலங்களின் எச்சம், தேய்ந்த ரப்பர் வளையங்களின் கரிய துணுக்கு, குழாய்களின் உட்சுவரில் வளர்ந்து பெயர்ந்துவரும் உயிர்ப்படலத் துண்டு ஆகியவை இதில் சேரும். உயிர்ப்படலம் என்பது பாக்டீரியங்கள் ஒன்றுகூடித் தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் வழுவழுப்பான போர்வை. அதனுள் வாழும் நுண்ணுயிர்களைக் கிருமிநீக்கி எளிதில் எட்டுவதில்லை.

இவ்வகைகளைப் பிரித்தறிவது முதற்பணி. சிறிதளவு வண்டலை எடுத்துத் தூய நீரில் நன்கு அலசி, அதன்மீது சில துளி வினிகர் விடும்போது நுரைத்தெழுந்தால் அது சுண்ணப் படிவு. மாற்றமின்றி விரல்களுக்கிடையே நறநறத்தால் மணல். வழுக்கினால் உயிர்ப்படலமாக இருக்க வாய்ப்பு மிகுதி. குளோரின் சேர்மங்களோடு அமிலம் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், வண்டலை அலசாமல் இச்சோதனையைச் செய்யக்கூடாது. தொட்டியிலிருந்து விலகிய திறந்தவெளியிலேயே செய்யவேண்டும்.

படிதலின் இயற்பியல்

நீரில் மூழ்கும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், நீரின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பதை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851ஆம் ஆண்டில் நிறுவினார். பாகுநிலை என்பது பாய்மம் தன்னூடே நகரும் பொருளுக்குக் காட்டும் எதிர்ப்பாகும். 20 பாகை நீரோடு ஒப்பிடுகையில் 40 பாகை நீரின் பாகுநிலை மூன்றில் இரண்டு பங்கு அளவே என்பதால், ஒரே மணல் துகள் குளிர்ந்த நீரில் இறங்குவதைவிட வெந்நீரில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாக இறங்குகிறது. நீச்சல் குளத்தைவிட ஆழம் குறைவாகவும் வெப்பம் மிகுந்தும் உள்ள இத்தொட்டிகளில் மணல் உடனுக்குடன் அடியில் தெரிவதற்கு இதுவே காரணம்.

ஸ்டோக்சின் விதிப்படி கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள மணல் துகள் 80 செ.மீ. ஆழமுள்ள வெந்நீரின் அடியை ஒன்றிரண்டு நிமிடங்களில் அடைந்துவிடும். அதனினும் பத்து மடங்கு சிறிய துகளுக்கோ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தேவைப்படும். எனவே தாரைகளை நிறுத்திய உடனே வண்டலை உறிஞ்சத் தொடங்கினால் பருமணல் மட்டுமே கிடைக்கும்; நுண்மண் நீரில் மிதந்துகொண்டேயிருந்து, பணி முடிந்தபின் மறுபடியும் தரையில் படரும். நீரைச் சில மணி நேரம் அசையாமல் விட்டபின் பணியைத் தொடங்கவேண்டும் என்னும் விதி இதிலிருந்து பிறக்கிறது.

தீங்குகள்

கரிமப் பொருள் மிகுந்த வண்டல் குளோரினையும் புரோமினையும் ஓயாமல் உண்டு தீர்க்கிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் வெந்நீர்த் தொட்டிகளில் பத்து இலட்சத்துக்குக் குறைந்தது 3 பங்கு குளோரினோ 4 முதல் 8 பங்கு வரை புரோமினோ இருக்கவேண்டும் என்றும், அமில காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 7.0 முதல் 7.8 வரை இருக்கவேண்டும் என்றும் பரிந்துரைக்கின்றன. வெப்பத்தினாலேயே விரைவில் குறைந்துவிடும் கிருமிநீக்கி, அடியில் கசடும் சேர்ந்துவிட்டால் இவ்வரம்புக்குக் கீழே எளிதில் சரிகிறது.

அச்சரிவு நுண்ணுயிர்களுக்கு இடமளிக்கிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியம் மயிர்க்கால்களில் அழற்சியையும் செந்நிறத் தடிப்பையும் உண்டாக்குகிறது. லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியம் வெதுவெதுப்பான நீரில் பெருகி, தாரைகள் எழுப்பும் நுண்திவலைகளோடு நுரையீரலுக்குள் சென்று, லெஜியனேர்ஸ் நோய் எனப்படும் கடுமையான நிமோனியாவை விளைவிக்கிறது. 1999ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் நகரில் நடைபெற்ற மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக இயக்கிக் காட்டப்பட்ட சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இந்நோய் பரவிப் பார்வையாளர் பலர் உயிரிழந்தனர். அவர்கள் அத்தொட்டியில் குளித்தவர்கள் அல்லர், அருகே நடந்துசென்றவர்கள். லெஜியோனெல்லாவின் பெருக்கத்துக்கு வண்டல், சுண்ணப் படலம், உயிர்ப்படலம் ஆகிய மூன்றும் துணைநிற்கின்றன என்பதால், தடுப்பு வழிகாட்டுதல்கள் கிருமிநீக்கியின் அளவோடு இம்மூன்றையும் அகற்றுவதையும் சேர்த்தே வலியுறுத்துகின்றன.

இயந்திர உறுப்புகளுக்கும் மணல் பகையாகிறது. நீரேற்றியின் சுழல்தண்டைச் சுற்றி நீர் கசியாமல் காக்கும் அடைப்பான், ஒன்றோடொன்று உரசும் இரு வழவழப்பான வளையங்களால் ஆனது. அவற்றிடையே மணல் புகுந்தால் தேய்மானமும் நீர்க்கசிவும் தொடங்கி, கசியும் நீர் மோட்டாரை எட்டும்போது பழுது பெரிதாகிறது. காலடியில் அரைபடும் மணல் அக்ரிலிக் பரப்பில் கீறல்களையும் ஏற்படுத்துகிறது.

நீர் இருக்கும்போதே அகற்றும் முறைகள்

நீரை மாற்றாமல் வண்டலை மட்டும் எடுக்கும் கருவிகள் பல இருப்பினும், அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி அடிநீரைத் துகளோடு சேர்த்து இழுப்பதே அவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படை.

மிக எளியது வடிகுழாய் முறை. ஏறத்தாழ 2 செ.மீ. விட்டமுள்ள தோட்டக்குழாயை முழுவதும் நீரில் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றி, ஒரு முனையை விரலால் அடைத்தபடி தொட்டியின் தரைமட்டத்தைவிடத் தாழ்ந்த இடத்துக்குக் கொண்டுசென்று திறந்தால், இரு முனைகளுக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடே நீரைத் தொடர்ந்து இழுக்கும். நிமிடத்துக்கு இருபது முப்பது லிட்டர் நீர் வெளியேறும் என்பதால், மறுமுனையைத் தரையை ஒட்டி நகர்த்தி மூன்று நான்கு நிமிடங்களில் பணியை முடித்துவிட்டு, குறைந்த நீரை ஈடுசெய்யலாம். குழாயில் நீரை வரவழைக்க வாயால் உறிஞ்சுவது கிருமியையும் வேதிப்பொருளையும் விழுங்கச் செய்யும் என்பதால் விலக்கத்தக்கது.

கையால் இயக்கும் உறிஞ்சுகோல் அடுத்த வகை. உள்ளிருக்கும் தண்டை இழுக்கும்போது நீரும் மணலும் கோலுக்குள் ஏறுகின்றன. தள்ளும்போது நீர் வலை வழியாக வெளியேற, மணல் உள்ளே தங்கிவிடுகிறது. அமுக்கி விடும் ரப்பர் குமிழ் கொண்ட சிறுகருவிகளும் இவ்வாறே செயற்படுகின்றன. மின்கலத்தால் இயங்கும் உறிஞ்சுகோலில் சிறு விசிறி ஒன்று இழுவையை உண்டாக்க, நுண்வலைப் பை துகளைப் பிடித்துக்கொள்கிறது. நீர் தொட்டிக்கே திரும்புவதால் நீரும் வெப்பமும் வீணாவதில்லை. பையின் கண்கள் பெரிதாக இருந்தால் நுண்மண் அவற்றின் வழியே நழுவிவிடும் என்பதால், பையின்மேல் மெல்லிய நைலான் காலுறையைப் போர்த்துவது பயனர்களிடையே பரவலாக உள்ள வழக்கம்.

தோட்டக்குழாயின் நீரழுத்தத்தால் இயங்கும் கருவி வென்சுரி விளைவைப் பயன்படுத்துகிறது. குறுகிய வழியில் விரைந்து பாயும் பாய்மத்தின் அழுத்தம் குறையும் என்பதை இத்தாலிய இயற்பியலாளர் ஜொவான்னி பத்திஸ்தா வென்சுரி 1797ஆம் ஆண்டில் விளக்கினார். கருவிக்குள் மேல்நோக்கிப் பீய்ச்சப்படும் நீர் உண்டாக்கும் அழுத்தக் குறைவு, அடிவண்டலைப் பைக்குள் இழுத்துச் செல்கிறது. ஜக்கூசி நிறுவனத்தின் கிணற்று நீரேற்றிகளும், இன்றைய தாரைகள் நீரோடு காற்றை இழுத்துக் கலப்பதும் இதே விளைவைச் சார்ந்தவையே. இக்கருவி பருமணலுக்கும் இலைச் சருகுக்கும் ஏற்றது. நுண்மண்ணைக் கலக்கிவிடும் இயல்புடையது.

எக்கருவியாயினும் கையாளும் முறை ஒன்றே. இருக்கைகளில் தொடங்கி ஓரங்களைக் கடந்து இறுதியாகக் கால்பள்ளத்துக்கு வரவேண்டும். கருவியின் வாயைத் தரையை ஒட்டி மெதுவாக நகர்த்தவேண்டும். அவசரமாக இழுத்தால் அடிமண் எழும்பி நீர் கலங்கும். வட்ட வடிவ மரத்தொட்டிகளில் நீரைக் கோலால் ஒரே திசையில் சுழற்றிவிட்டு ஓயவிட்டால் துகள்கள் தரையின் நடுவில் திரண்டுவிடும். தரையை ஒட்டிய நீர் உராய்வினால் மெதுவாகச் சுழல்வதால், ஓரத்தில் உயர்ந்து நிற்கும் நீரின் அழுத்தம் அதனை நடுவை நோக்கித் தள்ளுகிறது; தேநீர்க் கோப்பையைக் கலக்கியதும் தேயிலைத் தூள் நடுவில் சேர்வதற்கு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926ஆம் ஆண்டில் அளித்த விளக்கமும் இதுவே.

எளிதில் படியாத மிக நுண்ணிய துகள்களுக்குத் தெளிவூட்டி எனப்படும் திரவம் உதவுகிறது. ஒன்றையொன்று விலக்கும் மின்சுமையால் பிரிந்து நிற்கும் துகள்களை அது ஒன்றுசேர்த்து, வடிகட்டியில் பிடிபடும் அளவுக்குப் பெரிதாக்குகிறது. கலங்கிய குடிநீரைத் தெளிவிக்கத் தமிழகத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடும் பழைய வழக்கமும் துகள்களை இவ்வாறு திரட்டுவதையே அடிப்படையாகக் கொண்டது.

நீரை வடித்துச் செய்யும் தூய்மை

உறிஞ்சுதல் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், நீரில் கரைந்த பொருள்கள் பெருகிக்கொண்டே போவதால் நீரை மாற்றவேண்டிய காலம் வந்தே தீரும். தொட்டியின் கொள்ளளவைக் காலன் கணக்கில் எடுத்து, மூன்றாலும் நாள்தோறும் குளிப்போர் தொகையாலும் வகுத்தால் கிடைக்கும் எண்ணை நீர் நீடிக்கும் நாள்களாகக் கொள்வது அமெரிக்காவில் வழங்கும் கணக்கு. இதன்படி 400 காலன், அதாவது ஏறத்தாழ 1,500 லிட்டர் நீரில் நாளுக்கு இருவர் குளித்தால் அறுபத்தாறு நாள்களுக்கு ஒருமுறையும், நால்வர் குளித்தால் முப்பத்து மூன்று நாள்களுக்கு ஒருமுறையும் நீரை மாற்றவேண்டும்.

வடிப்பதற்கு முன் குழாய்களைக் கழுவும் மருந்தை நீரில் கலந்து தாரைகளை இயக்கினால் உட்சுவரின் உயிர்ப்படலம் பெயர்ந்து நீரோடு வெளியேறும். வடித்த பின்னர் இதைச் செய்ய இயலாது. பின்னர் மின்னிணைப்பைத் துண்டித்து நீரை வடிக்கவேண்டும். நீரின்றி வெப்பமூட்டி இயங்கினால் எரிந்துபோகும். வடிகால் வழியாகவோ மூழ்கு நீரேற்றியாலோ வெளியேற்றியபின் கால்பள்ளத்தில் எஞ்சும் சேற்றுநீரை, ஈரப்பொருளையும் இழுக்கவல்ல தூசி உறிஞ்சியால் எடுத்து, மென்மையான துணியால் துடைக்கவேண்டும். எஃகுக் கம்பிச் சுருளும் சொரசொரப்பான பொடியும் அக்ரிலிக்கைக் கீறும் என்பதால் விலக்கத்தக்கவை. வெறும் தொட்டியை வெயிலில் விட்டுவைத்தால் அக்ரிலிக் மேற்பரப்பு கொப்புளிக்கும். மரத்தொட்டியை உலரவிட்டால் பலகைகள் சுருங்கி மூட்டுகளில் கசிவு உண்டாகும். ஆகையால் தூய்மை முடிந்ததும் தாமதமின்றி நீர் நிரப்புவது இரு வகைக்கும் பொதுவிதி. கிருமிநீக்கி கலந்த கழிவுநீர் ஓடைகளிலும் குளங்களிலும் வாழும் மீன்களுக்குக் கேடு விளைவிக்கும் என்பதால், குளோரின் அளவு குறைந்த பின்னரே அதனை வெளியேற்றவேண்டும்.

பாதுகாப்பு

பணி தொடங்குமுன் மின்னிணைப்பைத் துண்டிப்பதும், நீருக்கு அருகே பயன்படும் மின்கருவிகளைக் கசிவு மின்னோட்டத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் காப்பு அமைப்பின் வழியாகவே இயக்குவதும் கட்டாயமானவை. அடியிலுள்ள உறிஞ்சுவாயின் மூடியை, மணலை எடுக்கும் பொருட்டுக்கூட, நீரேற்றி இயங்கும்போது கழற்றக்கூடாது. உடைந்த மூடியோடு தொட்டியைப் பயன்படுத்தவும் கூடாது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெந்நீர்த் தொட்டி ஒன்றின் அடிவாயின் இழுவையில் சிக்கி ஏழு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அவளது பெயரைத் தாங்கிய வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்டு, பொது நீச்சல் குளங்களிலும் ஸ்பாக்களிலும் சிக்கலைத் தடுக்கும் மூடிகளைக் கட்டாயமாக்கியது.

வண்டலாகாத படிவுகள்

தொட்டியின் அடியில் தங்கும் எல்லாப் பொருளும் அழுக்கு அன்று. ஜப்பானின் ஆன்சென் எனப்படும் இயற்கை வெந்நீர் ஊற்றுகளில் கந்தகம், சுண்ணம் முதலிய தாதுக்கள் வெண்மையாகவோ மஞ்சளாகவோ பிரிந்து மிதப்பதையும் படிவதையும் யுனோஹனா என்று அழைப்பர். குசாட்சு நகரில் வெந்நீரை நீண்ட மரக்கால்வாய்களில் ஓடவிட்டு ஆறச்செய்யும்போது படியும் இப்பொருள் சேகரிக்கப்பட்டு, வீட்டுக் குளியல் நீரில் கலப்பதற்காக விற்கப்படுகிறது. அந்நாட்டுப் பொதுக் குளியல் இடங்களில், தொட்டிக்குள் இறங்குமுன் வெளியே அமர்ந்து உடலை முற்றிலும் தேய்த்துக் கழுவுவது மீறக்கூடாத ஒழுக்கம். மண்ணும் வியர்வையும் எண்ணெயும் தொட்டிக்குள் செல்லாமல் அது காக்கிறது.

தடுத்தல்

குளிப்போர் முன்னதாகச் சோப்பிட்டு உடலைக் கழுவுவது, படியருகே கால் அலம்பும் நீர்த்தட்டும் மிதியடியும் வைப்பது, பயன்படுத்தாத வேளைகளில் மூடியை இட்டுவைப்பது, நிரப்பும் குழாயில் முன்வடிகட்டி பொருத்துவது, நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் வரம்புக்குள் நிறுத்துவது ஆகியவை வண்டலின் பெரும்பகுதியைத் தொட்டிக்குள் வராமலே தடுக்கின்றன. உருளை வடிகட்டியை ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை அலசி, மடிப்புகள் கிழிந்திருந்தால் மாற்றவேண்டும்; தாரைகளை இயக்கிய உடனே அவற்றிலிருந்து மண் பீறிட்டு வந்தால், வடிகட்டி கிழிந்திருக்கிறதா, சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

மருந்தின் அளவைக் கூட்டுவதனால் மணல் கரைவதில்லை; வடிகட்டும் நேரத்தை நீட்டிப்பதனால் தரையில் கிடக்கும் துகள் தானாக எழுந்து வடிகட்டிக்குச் செல்வதுமில்லை. நீரை ஓயவிட்டு வாரந்தோறும் சில நிமிடங்கள் அடிவண்டலை உறிஞ்சி எடுப்பதும், நீரை மாற்றும்போதெல்லாம் குழாய்களையும் சேர்த்துக் கழுவுவதுமே நீண்டகாலம் நிலைக்கும் தூய்மைக்கு வழியாகும்.